முயல் மார்க் பிளேட்டு

கந்தர்வக்கோட்டை அமராவதி தன் ஆயுசில் ஒரே ஒரு கிராமபோன் பிளேட்டுதான் கொடுத்தாள். அதிலும் ஒரு பக்கம்தான் அவள் பாட்டு. மறுபக்கத்தில் ஆர்மோனியக்காரர் ஒருவர் தன் கைவரிசையைக் காட்டியிருந்தார். பாட்டின் பெயர் ‘கரையேறும் நாளெதுவோ’. மூன்றே கால் நிமிஷம். அந்த மூன்றே கால் நிமிஷத்தைத் தேடி வருஷக் கணக்கில் அலைந்தாள் என்று சொன்னால் கேட்கிறவர்களுக்குச் சிரிப்பாகத்தான் இருக்கும். சிரித்துக்கொள்ளட்டும். அவர்களுக்கெல்லாம் குரல் தொண்டையில் பத்திரமாக இருக்கிறது.

சமஸ்தானம் போய் சர்க்கார் வந்த நாற்பத்தெட்டாம் வருஷம் அது. புதுக்கோட்டை ஸ்பெஷல் நாடகங்களில் அமராவதி ராணி வேஷம் கட்டிக்கொண்டிருந்தாள். பிள்ளையைப் பறிகொடுத்த ராணி, ஓடம் வராத ஆற்றங்கரையில் தனியாக நின்று பாடும் பாட்டுத்தான் அந்தக் ‘கரையேறும் நாளெதுவோ’. அவள் எடுப்பாள், முன்வரிசையில் பீடி பிடித்துக்கொண்டிருக்கிற முரட்டு ஆள்கூட பீடியை மண்ணில் தேய்த்துவிட்டு உட்காருவான். கேட்டுவிட்டுப் போன மதராஸ் ஏஜெண்டு ஒருவர், மறுமாதமே ரயிலுக்கு டிக்கெட் எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். முயல் படம் போட்ட புதுக் கம்பெனி. முயல் மார்க்.

மதராஸில் ஜன்னலே இல்லாத ஒரு அறையில் நிறுத்திப் பாடச் சொன்னார்கள். பாடி முடித்ததும் பாடியவர் தன் ஊர் பேரைச் சொல்ல வேண்டும், அது அந்தக் கம்பெனி வழக்கம். ஒலிப்பதிவு செய்கிறவர் மூச்சை அடக்கிக்கொண்டு, கன்னம் இரண்டும் உப்ப, ஒரு காலில் நின்று சைகை காட்டினார். அமராவதி பாடி முடித்தாள். “பாடுனது கந்தர்வகோட்டை அமராவதிங்க” என்றாள். அதோடு நிறுத்தினாளா? அந்த மனுஷர் நின்ற கோலத்தைப் பார்த்ததும் களுக்கென்று சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பும் பதிவாகிவிட்டது. “என்னம்மா இது, அழுகைப் பாட்டு முடிவில சிரிக்கிறே?” என்று அவர் தலையில் அடித்துக்கொண்டார். மெழுகுத் தட்டை வீணாக்க மனசில்லாமல் அப்படியே விட்டுவிட்டார்கள்.

கம்பெனியார் ஒரு பிளேட்டை அவளுக்கென்று அனுப்பினார்கள். புதுக்கோட்டையில் அதைக் கையில் வாங்கியவள், பத்திரமாக இருக்கட்டும் என்று டிரங்குப் பெட்டியில் சேலைகளுக்கு நடுவே வைத்தாள். கண்டக்டர் பெட்டியைத் தூக்கி பஸ்ஸின் மேலே போட்டார். கந்தர்வக்கோட்டையில் இறக்கித் திறந்தால், பிளேட்டு நாலு துண்டு. போட்டுக் கேட்பதற்கு அவள் வீட்டில் பாட்டுப் பெட்டியும் கிடையாது. ஆக, தன் பாட்டைத் தானே ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. “போனாப் போவுது, வாய் இருக்குல்ல” என்றாள் புருஷன் சோலையப்பனிடம். முந்திரிக் காட்டுக் காவலுக்குப் போகிற அந்த மனுஷனும், “ஆமா, நெனச்சா எனக்குப் பாடிக் காட்டிட்டுப் போ” என்றான். அடுத்த வருஷமே முயல் மார்க் கம்பெனி இழுத்து மூடப்பட்டது. அதற்கும் அவள் கவலைப்படவில்லை.

ஐம்பத்தொன்றில் தொண்டையில் கட்டி வந்தது. அறுத்து எடுத்தார்கள். எடுக்காவிட்டால் ஆளே போயிருப்பாள், யாரையும் குறை சொல்வதற்கில்லை. ஆனால் கட்டியோடு குரலும் போய்விட்டது. அதற்குப் பிறகு அவளிடம் மிஞ்சியது வெறும் காற்று. காதைக் கொண்டுவந்து வாயருகில் வைத்தால் சொல்வது புரியும். சிரித்தால் தோள் குலுங்கும், சத்தம் வராது. மறுவருஷம் செவந்தி பிறந்தாள். பெற்றவள் தாலாட்டுப் பாடவில்லை. தொட்டிலைத் தட்டித் தட்டியே பிள்ளையைத் தூங்கவைத்தாள்.

மேடை போனபின் முந்திரிக்கொட்டை உடைக்கப் போனாள். கொட்டை எண்ணெய் பட்டு விரல்கள் கறுத்துத் தோலுரிந்தன. செவந்தி பேசக் கற்றுக்கொண்டதும் அமராவதிக்கு வாயாகவும் அவளே ஆனாள். ஆத்தா காதோரம் ஊதுவாள், மகள் சத்தமாகச் சொல்லுவாள். கடைக்குப் போனாலும் அப்படித்தான், களத்துக்குப் போனாலும் அப்படித்தான். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் “ஊமச்சி மகளே” என்று கூப்பிட்டபோது, செவந்திக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

“எங்க ஆத்தா ஊமையில்ல! எங்க ஆத்தா பிளேட்டுல பாடியிருக்கு. கரையேறும் நாளெதுவோ. அது எங்க ஆத்தா பாட்டுத்தான்!”

பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிரிக்காமல் என்ன செய்வார்கள்? அந்தப் பேரில் ஒரு சினிமாப் பாட்டு அப்போது ஊரெல்லாம் அலறிக்கொண்டிருந்தது. ஓடத்தில் கதாநாயகனும் கதாநாயகியும் தண்ணீரை வாரி இறைத்துக்கொண்டு பாடுகிற குஷியான பாட்டு. ஒரு ‘கரையேறும் நாளெதுவோ’ ஏற்கெனவே இருக்கிறது என்று அந்தப் புண்ணியவான்களுக்குத் தெரியாது, தெரிந்தாலும் என்ன கெட்டுப்போச்சு என்றுதான் இருந்திருப்பார்கள். அது போதாதென்று ‘கரையேறும் நாள்’ என்று நாடகம் போட்டுக்கொண்டு ஒரு கம்பெனி ஆலங்குடி, அறந்தாங்கி என்று கொட்டகை கொட்டகையாகச் சுற்றி வந்தது. அவர்களும் அதே முதலடியோடு ஒரு பிளேட்டு விட்டார்கள். ஹாஸ்யக்காரர்கள் இரண்டு பேர் சும்மா இருப்பார்களா? குளத்தில் விழுந்த எருமை கரையேறும் நாளெதுவோ என்று அவர்கள் பங்குக்கு ஒன்று. அடக் கடவுளே, தமிழில் பேருக்கா பஞ்சம்?

செவந்தி அழுதுகொண்டு வந்து கேட்டாள். “அந்தப் பாட்டு நீ பாடலியாம் ஆத்தா. சினிமாக்காரவுக பாடுனதாம். நெசமாவே நீ பாடுனியா?”

அமராவதி தலையாட்டினாள். அன்றைக்குத்தான் அவள் மனசில் அது விழுந்தது. இந்தப் பிள்ளை தன் குரலைக் கேட்டதே இல்லை. இனிமேலும் கேட்கப் போவதில்லை, அந்தப் பிளேட்டு கிடைத்தால் ஒழிய.

புதுக்கோட்டை கீழராஜ வீதியில் பிளேட்டுக் கடை ஒன்று இருந்தது. ஆத்தாளும் மகளும் போய் நின்றார்கள். செவந்தி பேரைச் சொன்னாள். கடைக்காரர் சட்டென்று எடுத்துச் சுழலவிட்டார். தண்ணீரை வாரி இறைக்கிற சத்தம்.

“இது நீயா ஆத்தா?”

அமராவதி இல்லையென்று தலையசைத்தாள். “முயல் படம் போட்டது” என்று மகள் காதில் ஊதினாள். கடைக்காரர் கை விரித்தார். “முயல் மார்க்கா? ஒண்ணே ஒண்ணு கெடந்துச்சும்மா. மூணு வருசம் முந்தி கீரமங்கலத்துப் பக்கத்து ஆளு ஒருத்தரு சினிமாப் பாட்டக் கேட்டு வந்தாரு. பேரப் பாத்துட்டு அத எடுத்துக் குடுத்துட்டேன். யாரு எவருன்னு தெரியல.”

மதராஸ் பிளேட்டுக் கடை ஒன்றுக்குக் கார்டு எழுதிப் போட்டார்கள். பிளேட்டுக்கு நம்பர் எழுத வேண்டும் என்று யாருக்குத் தெரியும்? பாட்டைப் பேர் சொல்லித்தானே கேட்பார்கள். மார்க்கையும் பேரையும் எழுதினார்கள். மூடிப்போன மார்க்கை யார் பார்த்தார்கள், பேருக்கு ஏற்ற பிளேட்டு வந்தது. கந்தர்வக்கோட்டையில் நாகராசு காப்பிக்கடையில் மட்டும்தான் பெட்டி இருந்தது. அவர் பிளேட்டை வைத்தார், எருமை கத்தியது. கடையில் இருந்தவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள். “அமராவதி, ஒன் குரலு ரொம்ப மாறிப்போச்சே!” என்றான் ஒருவன். செவந்தி ஆத்தாளைத் திரும்பிப் பார்த்தாள். அமராவதி தலைகுனிந்து நின்றாள். ஆறு மாதம் கழித்து இன்னொரு கார்டு, இன்னொரு பார்சல். அதில் நாடகக் கம்பெனிக்காரர் யாரோ கட்டைக்குரலில் பாடினார்.

“இது நீயா ஆத்தா?” என்று செவந்தி அந்தத் தடவை கேட்கவில்லை.

அறுபத்தொன்றில் ஒரு கல்யாணத்துக்குக் கீரமங்கலம் போனார்கள். மாமரத்தில் ரேடியோக் குழாய் கட்டி, கீழே பெட்டியோடு உட்கார்ந்திருந்தார் ஆத்மநாதன். அந்தப் பக்கம் இருபது ஊருக்கு நல்லது கெட்டதற்கெல்லாம் அவர் செட்டுத்தான். அமராவதிக்குக் கடைக்காரர் சொன்னது நினைவுக்கு வந்தது. மகளை அனுப்பிக் கேட்கச் சொன்னாள்.

“கரையேறும் நாளெதுவோ இருக்குங்களா?”

“அது இல்லாம கல்யாணமா?” சினிமாப் பாட்டு குழாயில் கிளம்பியது.

“இது இல்லீங்க. இதே பேருல வேற ஒண்ணு. ஒரு பொம்பள தனியாப் பாடுறது. சோகமா இருக்குமாம்.”

ஆத்மநாதனுக்கு முகம் மாறிவிட்டது. சுற்றும் முற்றும் பார்த்தார். பந்தலில் மாப்பிள்ளை அழைப்புக்கு ஆட்கள் கூடிக்கொண்டிருந்தார்கள். “அப்பிடி ஒண்ணும் இல்ல தாயி. இது ஒண்ணுதான். அங்கிட்டுப் போய் வெளையாடு” என்றார்.

பொய். அவரிடம் இருந்தது. கடைக்காரர் சொன்ன அந்த ஆள் அவரேதான். சினிமாப் பாட்டென்று நினைத்து வாங்கி வந்து வீட்டில் போட்டுப் பார்த்திருக்கிறார். கேட்டதும் நெஞ்சை என்னவோ செய்திருக்கிறது. திருப்பிக் கொடுக்காமல் தனிப்பெட்டியில் வைத்துக்கொண்டார். எல்லா செட்டுக்காரரையும் போல அவரிடமும் இரண்டு பெட்டி. ஒன்று கல்யாணம், காதுகுத்து, சடங்குக்கு. இன்னொன்று இழவு வீட்டுக்கு. அந்தப் பெட்டியைச் சுபகாரிய வீட்டுக்குக் கொண்டு போவதில்லை. அதற்குள் இருக்கிற பாட்டின் பேச்சைக்கூடக் கல்யாணப் பந்தலில் எடுக்க மாட்டார்கள். ஆத்மநாதன் தொழில் சுத்தக்காரர், அதனால்தான் இல்லையென்றார். அவரை என்னவென்று நோவது? மறுநாள் அவர் வீட்டுத் திண்ணைப் பக்கம் போய்க் கேட்டிருந்தால் எடுத்துக் கொடுத்திருப்பார். இல்லையென்று சொன்ன மனுஷரிடம் மறுபடி யார் போய்க் கேட்பார்கள்? கந்தர்வக்கோட்டைப் பக்கம் அவர் செட்டு வருவதுமில்லை. ஆக, அமராவதியின் பாட்டு ரெண்டு பஸ் தூரத்தில் இழவு வீடு தவறாமல் ஒலித்துக்கொண்டிருந்தது. அவள் மட்டும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு செவந்தி வளர்ந்தாள். படிப்பை விட்டுவிட்டு ஆத்தாளோடு கொட்டை உடைக்க வந்தாள். ஒரு நாள் களத்தில் அமராவதி பழைய மேடைக் கதையை யாருக்கோ சொல்லச் சொல்லி மகள் காதில் ஊதினாள். செவந்தி சொல்லவில்லை.

“விடு ஆத்தா. யாரும் நம்பல. எனக்கே நம்ப முடியல. இனி இப்பிடிச் சொல்லிக்கிட்டுத் திரியாத, வெக்கமா இருக்கு.”

அமராவதி அதோடு தன் பாட்டைப் பற்றி யாரிடமும் ஊதவில்லை. மேடையில் ராணியாக எத்தனையோ தடவை அழுதவள், அன்றைக்குக் கொட்டை உடைத்துக்கொண்டே நிஜமாக அழுதாள். கொட்டை சுடுகிற புகை கண்ணில் பட்டுவிட்டது என்று பக்கத்தில் இருந்தவர்கள் நினைத்துக்கொண்டார்கள்.

அறுபத்தாறு, ஐப்பசி மாதம். சோலையப்பனின் பெரியப்பா இருளாண்டி இறந்துவிட்டார் என்று கீரமங்கலத்துக்குப் பக்கத்திலிருந்து ஆள் வந்தது. காய்ச்சலில் படுத்திருந்த சோலையப்பனால் எழுந்திருக்க முடியவில்லை. ஆத்தாளும் மகளும் புறப்பட்டார்கள். ரெண்டாவது பஸ்ஸை விட்டு இறங்கி, வாழைத்தோட்டத்து வழியாக நடந்தார்கள். தூரத்தில் குழாய் பாடிக்கொண்டிருந்தது. ஒரே இரைச்சல், மணலைச் சலிக்கிற மாதிரி. அதற்கு அடியில் எங்கோ ஒரு ராகம்.

அமராவதி நின்றுவிட்டாள்.

“என்ன ஆத்தா? காலு வலிக்குதா?”

அவள் மகளின் கையைப் பிடித்த பிடியில் செவந்திக்கு நொந்தது. இழுத்துக்கொண்டு ஓட்டமாக நடந்தாள். நாற்பது வயதைத் தொட்டவள், வரப்பில் தடுமாறிக்கொண்டு போகிறாள். வீட்டு வாசலை எட்டுவதற்குள் பாட்டு அறுந்து, வேறு பிளேட்டு ஓட ஆரம்பித்திருந்தது. இழவு வீட்டுக்கு வருகிற பெண் நேரே போய்ப் பிரேதத்தின் காலடியில் விழுந்து அழ வேண்டும், செத்தவர் பெண்டாட்டியைக் கட்டிக்கொள்ள வேண்டும். அமராவதி நேரே குழாய் செட்டுப் பெட்டியிடம் போனாள். “கேதத்துக்கு வந்தவ போற எடத்தப் பாரு!” என்று பெண்கள் முணுமுணுத்தார்கள். அவள் பெட்டியில் கைவிட்டுத் துழாவி ஒரு பிளேட்டை உருவினாள். நடுவில் காகிதம் பாதி தேய்ந்து போயிருந்தது. முயலின் காது இரண்டு மட்டும் தெரிந்தது.

“யாரு தாயி நீங்க? அதத் தொடாதீங்க, இங்கிட்டுக் குடுங்க” என்று எழுந்தார் ஆத்மநாதன்.

அமராவதி வாயைத் திறந்தாள், காற்றுதான் வந்தது. செவந்தி பக்கம் திரும்பினாள். அவளோ ஊரே பார்க்கிறதே என்று கூசிப்போய் நின்றாள். கடைசியில், “அது... எங்க ஆத்தா பாடுனதுன்னு சொல்லுது” என்றாள், தரையைப் பார்த்துக்கொண்டு.

ஆத்மநாதன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். “பன்னெண்டு வருசமா இந்தப் பக்கத்துல ஒரு பொணம் இந்தப் பாட்டுக் கேக்காமப் போனதில்ல. யாரு பாடுனதுன்னு எனக்கே தெரியாது. எழுத்து அழிஞ்சு போச்சு.”

“கடைசில பேரு சொல்லுமாமே?” என்றாள் செவந்தி, ஆத்தா ஊதியதைக் கேட்டு.

“ஆமா, கடைசில ஒரு பொம்பளப் புள்ள என்னமோ பேசிட்டுச் சிரிக்கும். வாங்குன அன்னிக்கிக் கேட்டது. என்ன சொல்லுச்சுன்னு கவனிக்கல. எழவு வீட்டுல சிரிப்புச் சத்தம் ஆகுங்களா? அதான் அது வர்றதுக்கு முன்னயே ஊசிய எடுத்துருவேன். ஒரு நாளும் விட்டதில்ல.”

“இப்பப் போடுங்க.”

“இப்பவா? நல்லா இருக்கே! பொணம் கெடக்குது தாயி. தூக்கட்டும்.”

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அமராவதி போய்ப் பெரியவரின் காலடியில் விழுந்தாள், அவர் பெண்டாட்டி அழகியைக் கட்டிக்கொண்டாள். பாடை தூக்கும்போது மறுபடியும் அந்தப் பிளேட்டைப் போடுவதுதான் வழக்கம். போட்டார். செவந்தி பெட்டிக்குப் பக்கத்திலேயே நின்று உயிரைக் கொடுத்துக் கேட்டாள். கரகரவென்று இரைச்சல். பன்னிரண்டு வருஷம் இரும்பு ஊசி உழுத பிளேட்டில் வேறென்ன இருக்கும்? ‘கரை’ என்று ஒரு இடத்தில் கேட்ட மாதிரி இருந்தது. பிறகு அதுவும் இல்லை. ஊர்க்காரர்களுக்குப் பாட்டு மனப்பாடம், அவர்கள் இரைச்சலைக் கேட்டே கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். செவந்திக்கு என்ன தெரியும்?

“இதுல நீ எங்க ஆத்தா இருக்க?” என்றாள். கோபமாகக் கேட்கவில்லை, அழப்போகிறவள் மாதிரி கேட்டாள்.

அமராவதி குழாயை அண்ணாந்து பார்த்தாள். முதல் தடவையாகத் தன் பிளேட்டைக் கேட்கிறாள், அதில் அவள் இல்லை. ஆத்மநாதன் வழக்கமான இடத்தில் ஊசியை எடுத்தார்.

பாடை போய், வீட்டைக் கழுவிவிட்ட பிறகு, அவர் குழாயை இறக்கினார். ரோட்டோரம் புளியமரத்தடியில் மாட்டுவண்டி நின்றது. பெட்டியை வண்டியின் பின்பலகையில் வைத்து, குழாயைப் பக்கத்தில் சாய்த்து ஒயரைக் கொடுத்தார். ஊசியைப் புதிதாக மாற்றினார். பிளேட்டின் கடைசிக் கோடுகளுக்கு மேல் கையைக் கொண்டுபோய், பார்த்துப் பார்த்து இறக்கினார்.

ஊசி அவ்வளவாகப் படாத இடம் அது. இரைச்சலே இல்லை.

“பாடுனது கந்தர்வகோட்டை அமராவதிங்க.”

இருபத்திரண்டு வயசுக் குரல், பக்கத்தில் நின்று பேசுகிற மாதிரி. அதைத் தொடர்ந்து களுக்கென்று ஒரு சிரிப்பு. பிளேட்டு முடிந்துவிட்டது.

செவந்தி ஆத்தாளைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு குழாயைப் பார்த்தாள். “ஆத்தா!” என்று அவள் கத்திய கத்தலில் மாடு மிரண்டு கழுத்தை உதறியது. அமராவதியைக் கட்டிக்கொண்டு, “நான் நம்பலியே ஆத்தா, நான் நம்பலியே” என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். இழவு வீட்டில் வராத அழுகையெல்லாம் ரோட்டில் வந்தது.

“இன்னொரு வாட்டி போடுங்கய்யா.”

ஆத்மநாதன் தயங்கினார். “போடுறேன் தாயி. ஆனா போடப் போட ஊசி தின்னுரும். பாட்டுக்கு ஆன கதிதான் இதுக்கும்.”

செவந்தி கண்ணைத் துடைத்துக்கொண்டு யோசித்தாள். “அப்ப வேணாம். எடுத்துருங்க” என்றாள்.

அவர் பிளேட்டைத் தன் துண்டில் சுற்றி அமராவதி கையில் கொடுத்தார். “அன்னிக்கி ஒரு கல்யாணத்துல இந்தப் புள்ளதானே வந்து கேட்டுச்சு? இருக்குதுன்னு அன்னிக்கே சொல்லியிருந்தா கொஞ்சம் பாட்டு மிஞ்சியிருக்கும். மன்னிச்சுருங்க” என்றார். அமராவதி அவர் கையைத் தொட்டுக் கும்பிட்டாள்.

திரும்புகிற பஸ்ஸில் செவந்தி அதை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். “என்னம்மா அது, மேல போட்டுரவா?” என்று கண்டக்டர் கை நீட்டினார்.

“தொடாதீங்க. எங்க ஆத்தா கொரலு” என்றாள். அவருக்கு ஒன்றும் புரியவில்லை, டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு நகர்ந்தார்.

கொஞ்ச தூரம் போனது. செவந்தி ஆத்தாள் தோளில் சாய்ந்துகொண்டாள். “சிரிப்பக் கேட்டுட்டேன். பாட்டத்தான் கேக்கல. பாட்டு எப்பிடி ஆத்தா இருக்கும்?”

அமராவதி பாட்டை எடுக்கப் போகிறவள் போல நிமிர்ந்து உட்கார்ந்தாள். தொண்டை அசைந்தது. வெறும் காற்று. வாயை மூடிவிட்டு, மகளின் தலையை இழுத்துக் காதோரம் வாயை வைத்தாள்.

“நல்லா இருந்துச்சுடி” என்றாள்.